ரஸ்க்கால் கட்டிய மேன்ஷன்

1. சாம்பிராணி

ஒரு ஷாட்டைப் பார்த்துவிட்டு இயக்குநர் கோபப்பட்டால் சமாளித்துவிடலாம். அழுதால்கூடத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கலாம். சிரித்தால்தான் ஆபத்து. அன்று குமரன் சிரித்தார்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் எங்கள் விஷுவல் எஃபெக்ட்ஸ் அலுவலகம். சின்ன இடம். நடுவில் ஒரு பெரிய திரை, அதன் முன்னால் குமரன். அவருக்கு அது முதல் படம். தி.நகரில் ஒரு பழைய மேன்ஷன், அதில் வாடகைக்கு இருக்கும் நான்கு பேச்சிலர்கள், இவ்வளவுதான் கதை. கடைசி ஷாட்டில் அந்த மேன்ஷன் இடிந்து விழ வேண்டும். நான்கு பேரும் தெருவில் நின்று அதைப் பார்ப்பார்கள். வசனம் கிடையாது. படம் முழுவதும் அந்த ஒரு ஷாட்டை நோக்கித்தான் நடந்து வருகிறது.

நிஜ மேன்ஷனைக் காலையில் வெயிலில் படம்பிடித்து வைத்திருந்தார்கள். அதை இடிப்பது மட்டும்தான் கம்ப்யூட்டரின் வேலை. வேறொரு கம்பெனி ஏற்கெனவே இடித்துப் பார்த்துவிட்டு, சரிவராமல் விலகிக்கொண்டது. அவர்கள் செய்ததைத்தான் நாங்கள் முதன்முதலாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிரித்து முடித்த குமரன் சொன்னார்: "ரோஸிக்கா, இது பில்டிங் இடியுற மாதிரியா இருக்கு? யாரோ உள்ள உக்காந்து சாம்பிராணி போடுற மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரி. கட்டடம் வெண்ணெய் மாதிரி சரிந்தது. புகை பஞ்சுமிட்டாய் மாதிரி கிளம்பியது.

"இந்த ஷாட் வரலன்னா, அதுக்கு முன்னாடியே படத்தை முடிச்சுடுன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டாரு. 'மேன்ஷன் இடிந்தது'ன்னு ஒரு கார்டு போட்டுடலாமாம்" என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

ரிலீஸ் தேதி போஸ்டரிலேயே வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டடத்தை இடித்து, அதன் தூசியைக் கணக்குப் போட்டு, படமாக வெளியே எடுக்க எங்கள் மெஷின்களுக்கு நாள்கணக்கில் ஆகும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அப்படி இரண்டு தடவை தப்பு செய்யவே எங்களுக்கு அவகாசம் இல்லை.

"பண்ணிடலாம் குமரன்" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் பதில் முதலில் வரும், வழி பிறகுதான் வரும்.

2. துடைக்காதே

என்னைப் பற்றி ஒரு வரி. சாந்தோமில் பிறந்தேன். வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் டீச்சர். நான் மட்டும் கம்பி அழிக்கப் போனேன். ஹீரோ பறக்கும்போது அவர் இடுப்பில் கட்டியிருக்கும் கம்பியை ஒவ்வொரு ஃபிரேமாக அழிக்க வேண்டும். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தால், நான் வேலை செய்ததே யாருக்கும் தெரியாது. "அப்ப எதுக்குடி அந்த வேலை?" என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

எங்கள் ஆபீஸில் கெட்டிக்காரி யாஸ்மின். கம்பாசிட்டிங் அவள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒரே இடத்தில் ஒரே வெயிலில் நடந்தது மாதிரி ஒட்டுகிற வேலை அது. ராயப்பேட்டைக்காரி. அவள் வாயும் ராயப்பேட்டைதான்.

குமரன் போன பிறகு அவளும் நானும் அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். எங்கே தப்பு என்று இருவருக்கும் பிடிபடவில்லை.

"கணக்கெல்லாம் கரெக்டா கீதுக்கா. எடை, வேகம், காத்து, எல்லாம் கரெக்டு. ஆனா பொய்யா கீது" என்று சொல்லிக்கொண்டே அவள் டீயோடு வந்த ரஸ்க்கைக் கோபமாகக் கடித்தாள். அது உடைந்து கீபோர்டில் விழுந்தது.

"சாரிக்கா..." என்று கையை நீட்டினாள்.

"துடைக்காதே!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்.

இன்னொரு ரஸ்க்கை எடுத்து அவள் கண்ணுக்கு நேராக வைத்து, மெதுவாக உடைத்தேன். முதலில் ஒரு விரிசல். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு பெரிய துண்டு கழன்றது. அதன் பின்னால் சின்னத் துண்டுகள். எல்லாம் விழுந்து முடிந்த பிறகு, சாவகாசமாகத் தூள்.

யாஸ்மின் திரையைப் பார்த்தாள். அங்கே விரிசல், துண்டு, தூசி எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிக்கொண்டிருந்தன.

"க்யூல நிக்காம எல்லாம் ஒண்ணா வருது" என்றாள்.

"அதேதான். அந்த 'ஒன்றுமே நடக்காத' நேரம்தான் இதுல இல்ல."

கம்ப்யூட்டரிலேயே அதைத் திருத்தலாம். ஆனால் அதற்கு நேரம் இல்லை. அவளும் நானும் தட்டில் மிச்சமிருந்த ரஸ்க்கைப் பார்த்தோம்.

"அக்கா, நீ இன்னா நினைக்கிறேன்னு எனக்குத் தெரியுது. வேணாம்" என்றாள் யாஸ்மின்.

3. மாமியின் மாடி

ரஸ்க்கைச் செங்கல் மாதிரி அடுக்கி மேன்ஷனின் முன்சுவரைக் கட்டுவது, பின்னாலிருந்து நூலால் இழுத்துச் சரிப்பது, அதை அதிவேகக் கேமராவில் எடுப்பது என்று திட்டம். சின்னப் பொருள் சட்டென்று விழுந்துவிடும். அதை மெதுவாக ஓடவிட்டால் பெரிய பொருள் கனமாக விழுவதுபோலத் தெரியும். தூசிக்கு முல்தானி மிட்டி. மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் அள்ளி வந்தோம். "இத்தனை பேருக்கா ஃபேஸ்பேக்?" என்று கடைக்காரர் கேட்டார். "ஒரு பில்டிங்குக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடை போட்டார்.

பின்னணி கறுப்பாக இருந்தால்தான் துண்டுகளையும் தூசியையும் தனியாக எடுத்து நிஜ மேன்ஷன் மேல் ஒட்ட முடியும். யாஸ்மினின் அண்ணன் புர்கா தைத்து விற்கிறவர். ஒரு கட்டுக் கறுப்புத் துணியைத் தந்துவிட்டு, "ஓட்டை மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.

எங்கள் ஆபீஸுக்கு மேலே இருக்கும் மொட்டை மாடி, வீட்டுக்காரர் வசந்தா மாமியுடையது. மாமி கீழே குடியிருக்கிறார். அனுமதி கொடுத்துவிட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் பின்னாலேயே ஏறி வந்தார்.

"ஏன்டிம்மா, வடாம் காயப்போடற எடத்துல ரஸ்க்கை ஒட்டிண்டிருக்கேள்?"

"பில்டிங் கட்டுறோம் மாமி."

"கட்டி?"

"இடிச்சிடுவோம்."

மாமி கொஞ்சம் யோசித்தார். "இதுக்குப் படிச்சேளா?" என்று கேட்டுவிட்டு, நிழலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் டேக்கில் சுவர் உடையவே இல்லை. கதவு மாதிரி முழுசாக மல்லாந்தது. மைதாப் பசையில் ஒட்டியிருந்தோம், அது அவ்வளவு பிடித்துக்கொண்டது. இரண்டாவது டேக்கில் பசையைக் குறைத்தோம். சுவர் உடையாமல் வளைந்தது! பசையின் ஈரமும் சென்னைக் காற்றின் ஈரமும் சேர்ந்து ரஸ்க் நமுத்துப்போயிருந்தது. கேமராமேனோடு வந்திருந்த குமரன் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "அக்கா, என் மேன்ஷன் சோம்பல் முறிக்குது" என்றார்.

பசையே வேண்டாம், வெறுமனே அடுக்குவோம் என்று முடிவு செய்தேன். நமுத்ததை மாமியின் ஓவனில் சூடாக்கலாம் என்றாள் யாஸ்மின். மாமி எழுந்து நின்றார்.

"இருங்கோ. இதுல முட்டை கிட்டை போட்டிருப்பாளோ?"

யாஸ்மின் காலி பாக்கெட்டைத் தேடி எடுத்துக் காட்டினாள். "ப்யூர் வெஜ் மாமி. பாருங்க, பச்சைப் புள்ளி கீது."

மேன்ஷன் கீழே மாமியின் சமையலறையில் மொறுமொறுப்பாகிக்கொண்டிருந்தபோது, மேலே இன்னொரு கவலை எனக்கு. நிஜ மேன்ஷன் மேல் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ, இங்கேயும் அதே பக்கத்திலிருந்து விழ வேண்டும். சூரியன் ஏறிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்குக் கடல்காற்று கிளம்பி, தட்டில் வைத்திருந்த முல்தானி மிட்டியில் பாதியைத் தூக்கிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாமாவின் வெள்ளை வேட்டிகள் மேல் போட்டது.

ரஸ்க் தட்டோடு ஏறி வந்த மாமி வேட்டிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இந்த மாடியை விட்டால் வேறு மாடி இல்லை.

"முல்தானி மிட்டிதானே? போறது போ. மாமா கொஞ்சம் கலராவார்" என்றார் மாமி.

4. மூன்று மாடிக் காகம்

சூடு ஆறியதும் அவசர அவசரமாக அடுக்கினோம். பின்னணிக் கறுப்புத் துணியையே காற்றுக்கும் மறைப்பாக மற்றவர்கள் ஆளுக்கொரு மூலையில் பிடித்துக்கொண்டார்கள். குமரன் கண்ணை மூடிக்கொண்டார். நான் நூலை இழுத்தேன்.

கண்ணுக்கு அது ஒரு நொடி. பொத்தென்று விழுந்தது, ஏதோ படபடத்தது, அவ்வளவுதான். கேமராவில் மெதுவாக ஓடவிட்டபோது எல்லோரும் மானிட்டரை நெருங்கினோம். விரிசல் ஓடுகிறது. சுவர் யோசிக்கிறது. மேல்தளம் கழன்று இறங்குகிறது, அதன் பின்னால் ஜன்னல் வரிசை, கடைசியாகத் தூசி எழும்பி எல்லாவற்றையும் மூடுகிறது. குமரன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மானிட்டரில் தூசிக்குள்ளிருந்து ஒரு காகம் வந்தது.

மூன்று மாடி உயரம். சிறகை விரித்து, இடிபாட்டுக்கு நடுவே கம்பீரமாக இறங்கி, ஒரு கான்கிரீட் தூணை அலகில் கவ்விக்கொண்டு மெதுவாக வெளியே பறந்தது.

மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிற்க முடியவில்லை. கேமராமேன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, காக்காவை அப்படியே விட்டுடலாமா? செகண்ட் பார்ட்டுக்கு லீடு" என்றார் குமரன். அவர் கண்ணில் நீர். எதற்கு என்று தெரியவில்லை.

வெயில் மாறிவிட்டது. இன்னொரு டேக்குக்கு வழியில்லை. யாஸ்மின் சிரிப்பை நிறுத்தி, மானிட்டருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "இத்த நான் எடுத்துடறேன். காக்கா மறைக்கிற தூசி, அது வர்றதுக்கு முன்னாடி கீது, போனப்புறமும் கீது. ரெண்டையும் வச்சு நடுவுல ரொப்பிடலாம்" என்றாள்.

நான் கம்பி அழித்த மாதிரி அவள் காகத்தை அழித்தாள். ஒவ்வொரு இறகாக. நாங்கள் டீ மட்டும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவள் கூப்பிட்டபோது போய்ப் பார்த்தால், மேன்ஷன் இடிந்தது. நான்கு பேர் தெருவில் நின்று பார்த்தார்கள். காகம் பறந்த இடத்தில் தூசி சுழன்றது. குமரன் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை" என்றார். மூன்றாவது தடவைக்குப் பிறகு எழுந்துபோய் பால்கனியில் நின்றுகொண்டார்.

5. கட்டிக் குடுங்க

டிரெய்லரில் அந்த ஷாட்டில் ஒரு துளியை வைத்தார்கள். வெளியான மறுநாள் ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஏகாம்பரம். நிஜ மேன்ஷனின் மேனேஜர்.

"இன்னா மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? பசங்களோட ஊர்ல இருந்து போன் மேல போன். 'மேன்ஷன் இடிஞ்சுபோச்சாமே, எம் புள்ள எங்க தங்கிகினு கீறான்'னு அழுவுறாங்க. நல்லா கீது, நல்லா கீதுன்னு சொல்லி என் தொண்டை போச்சு. வீடியோவையே பார்த்துட்டோம், ஏன் பொய் சொல்றேங்கறாங்க!"

உட்கார வைத்து முழு ஷாட்டையும் போட்டுக் காட்டினோம். கை கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும், "ரெண்டாவது மாடி, ஓரத்து ஜன்னல். அது என் ரூமு" என்றார். மறுபடி போடச் சொன்னார். "நல்லாத்தான் வுழுது" என்று ஒப்புக்கொண்டார். பிறகு கோபம் நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. இடிச்சது நீங்க. நீங்களே கட்டிக் குடுங்க."

யாஸ்மின் என்னைப் பார்த்தாள். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினாள். ஷாட் பின்னோக்கி ஓடியது. தூசி தரைக்குள் இறங்க, துண்டுகள் ஏறி இடத்தில் உட்கார, விரிசல் மூடிக்கொள்ள, மேன்ஷன் எழுந்து வெயிலில் நின்றது.

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொண்டு அதை அவர் போனுக்கு அனுப்பினோம். வாட்ஸப்பில் எல்லோருக்கும் போட்டுவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினார்.

மறுநாள் காலை போன் வந்தது. "மேடம், இப்ப வேற மாதிரி கேக்குறாங்க. இவ்ளோ சீக்கிரம் எப்படி திரும்பக் கட்டினீங்க, புது பில்டிங்குல வாடகை ஏறுமான்னு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால், எதைச் செய்யப்போகிறீர்களோ அதைக் கண்ணால் ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். ஒன்றும் நடக்காத அந்த நொடியையும் சேர்த்துப் பாருங்கள். மற்றதைக் கம்ப்யூட்டரும் செய்யும், சமையலறையும் செய்யும்.

இன்னொன்று, ஏகாம்பரத்திடம் கற்றது. ஒருவரை நம்ப வைக்க ஆயிரம் வித்தை நம்மிடம் இருக்கிறது. நம்பிவிட்டவரை மீட்க ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் அன்று போனில் அவரிடம் சொன்னேன்: "வீடியோ எதுவும் அனுப்பாதீங்க. பையனுங்களை மேன்ஷன் வாசல்ல நிக்க வச்சு, அவங்க அம்மாகிட்ட அவங்களையே பேசச் சொல்லுங்க."

"அத்த முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் ஏகாம்பரம்.