வாசிகசாலைக்குக் கொடுத்த கதிரை

குண்டு விழுந்து இடிந்த வாசிகசாலையைத் திரும்பத் திறப்பதற்கு வேண்டியதையெல்லாம் ஊர்ச்சனம்தான் கொடுத்தது. கிண்ணியா வியாபாரி ஒருவர் கூரைக்கு மரம் தந்தார். நாங்கள் வீட்டிலிருந்த ஒரே கதிரையைக் கொடுத்தோம்.

ஒரு மாலை துறைமுகத்தில் வேலை முடிந்து, யுத்தச் செய்தி வாசிக்கப் போனேன். அந்தக் கதிரையில் உட்காரப் போகையில் வாசிகசாலைக் காரியதரிசி ஓடிவந்தார்.

"உடுப்பெல்லாம் எண்ணெய். கதிரை ஊத்தையாப் போகும். வெளியில நிண்டு வாசியுங்கோ."

"இது நாங்கள் தந்த கதிரை."

"தந்த பிறகு அது வாசிகசாலையின்ர. உங்கட எண்டு கதைக்க ஏலாது."

கதிரையைத் தூக்கிவந்து கொடுத்த நாளிலும் என் உடுப்பில் இதே எண்ணெய்தான் இருந்தது. அன்று அது ஒருவர் கண்ணிலும் படவில்லை! செய்தி வாசிக்காமலே வீடு வந்தேன்.

அடுத்த கிழமை அதே மனிதர், புத்தக அலுமாரிக்கு நன்கொடை கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரக் காலெடுத்து வைத்தார்.

"சப்பாத்தில மண் கிடக்கு. வெளியில நிண்டு கதையுங்கோ," என்றேன். "உள்ள வந்தாலும் இருக்க ஏலாது. எங்கட கதிரை உங்களிட்டத்தான் கிடக்கு."