தோங்காவின் மேசை

தோங்கா அந்த ஊருக்கு வந்த முதல் டிசம்பரில் தன் சாப்பாட்டு மேசையைத் தானே தூக்கிக் கொடுத்தாள்.

பேய்வேஷம் கட்டி வீடு வீடாக வரும் கிளாவ்பாஃப் கூட்டம் அன்று சாயங்காலம் உள்ளே புகுந்தது. ஆட்டுத்தோல், கொம்பு வைத்த மரமுகம், இடுப்பில் பெரிய மாட்டுமணி, ஒவ்வொருவனும் கதவு அகலம். அவள் பிறந்தது குரோஷியாவில் ஒரு தீவு. அங்கே குளிர்காலம் என்றால் காற்று மட்டும்தான். பேய்கள் மேசைக் காலைப் பிடித்து இழுத்ததும் அவள் பயந்துபோனாள். இதுதான் வேண்டுமென்றால் கொண்டுபோகட்டும் என்று தட்டுகளை எடுத்து அடுக்கிவிட்டு, நிலையில் இடிக்காமல் ஒரு மூலையைப் பிடித்துப் பனியில் இறக்கியும் வைத்தாள். பேய்கள் திகைத்து நின்றன. ஒன்று முகமூடிக்குள்ளிருந்து "நன்றிங்க" என்று சொல்லியே விட்டது.

ஆஸ்திரியாவில், கிழக்கு டிரோலின் அந்தப் பள்ளத்தாக்கில் மேசைதான் வீட்டின் மானம். பேய்கள் இழுக்கும், வீட்டாரும் துணைக்கு வந்தவர்களும் பெஞ்சில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள். விலா வீங்கலாம், சட்டை கிழியலாம், மேசை மட்டும் படி தாண்டக் கூடாது. இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு டிசம்பர் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். மணிச்சத்தம் அவள் வாசலில் நிற்காமல் கடந்துபோகும். பயத்தைவிட அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

இந்த வருஷம் கறிக்கடையில் ஆல்பன் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டான். "என்னக்கா, மேசை குடுக்கற உத்தேசம் இருக்கா? நாற்காலியும் சேர்த்துன்னா வண்டி கொண்டாரச் சொல்றேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"விளக்கு எரியும். வரச் சொல்லு" என்றாள் தோங்கா.

சொல்லிவிட்டாள். ஆனால் பெஞ்சில் உட்கார ஆள்? ஊர் ஆண்களெல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒரு மேசைக்குப் பேசிவைக்கப்பட்டவர்கள். அவள் வேலை பார்த்த ஓட்டல் சலவைக்கூடத்தில் கெர்லிண்டேயிடம் கேட்டாள்.

"பொம்பளைங்க மேசை பிடிச்சு நான் பார்த்ததில்லடி" என்றாள் கெர்லிண்டே.

"பிடிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

"எவ கேட்டா? சரி, என் புருஷனே முகமூடி மாட்டிக்கிட்டு வருவானே அந்தக் கூட்டத்துல."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

கெர்லிண்டே ஈர விரிப்பைக் கீழே போட்டாள். "இருபது வருஷக் கோபம் இருக்கு. வர்றேன்."

சலவைக்கூடத்துப் பெண்கள் ஐந்து பேர் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இழுப்பு முதலில் விழும் வாசல் பக்கம் தோங்கா. மணிச்சத்தம் தெருமுனையில் கேட்டபோது அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அறை முழுக்க ஆட்டுத்தோல் வாடை. மேசை ஒரு உலுக்கலில் நகர்ந்தது. ஒருத்தி பெஞ்சோடு சரிந்தாள், இன்னொருத்தி அவள் மேல் விழுந்தாள். மேசையின் முன்கால்கள் நிலையைத் தொட்டன.

கெர்லிண்டே மேசைக்கடியில் கிடந்தபடி ஒரு பூட்ஸைப் பிடித்தாள். "இது என் ஆளுதான். டேய், நாளைக்குச் சாப்பாடு வேணும்னா கையை எடு."

ஒரு பேய் தயங்கியது. அது போதும். தோங்கா மேசைமேல் குப்புற விழுந்து இரண்டு விளிம்புகளையும் கவ்விக்கொண்டாள். மற்றப் பெண்கள் அவள் காலைப் பிடித்து உள்பக்கம் இழுத்தார்கள். ஒரு மேசைக்கால் முறிந்தது. அவள் விடவில்லை. மரமுகம் ஒன்று அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூச்சு வாங்கியது. கண் துளைகளுக்குள் களைத்துப்போன நீலக் கண்கள். அவள் அதையே பார்த்தாள்.

வெளியே கூட்டத் தலைவனின் கைமணி அடித்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. பேய்கள் ஒவ்வொன்றாகக் கையெடுத்து, தலை குனிந்து வெளியேறின. மேசை உள்ளே, மூன்று காலில், சரிந்து நின்றது. பெண்கள் தரையில் கிடந்து மூச்சு முட்டச் சிரித்தார்கள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ட்சென்ட்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியேறினார். இத்தனை வருஷத்தில் அவளோடு ஒரு வார்த்தை பேசியவரில்லை.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வருவாங்க. பெஞ்சுல ஒரு ஆள் குறையுதும்மா. மூலையில எடம் இருக்கு."

தோங்கா கிழிந்த சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"மூலை வேணாம். வாசல் பக்கம்னா வர்றேன்."

"அங்க என் மச்சான் உட்காருவான்."

"அவரை மூலைக்குப் போகச் சொல்லுங்க."