முரசுக்காரரின் காது

முதல் வாரம் எங்கள் இருபது துடுப்புகளும் ஏரியில் இருபது சத்தம் போட்டன. டிராகன் தலை வைத்த நீளமான போட்டிப் படகான டிராகன் படகில் எல்லாத் துடுப்பும் ஒன்றாக இறங்கி ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். அதுதான் முதல் பாடம். படகின் முகப்பில் எங்களைப் பார்த்து உட்கார்ந்து முரசு அடித்தவர், விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை செய்பவர். சூளையிலிருந்து வரும் சாமான்களை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறலைக் கண்டுபிடிப்பார். ஒல்லியான ஆள், நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை மண். முரசு அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிழை கேட்டால் மூடிய கண்ணோடு விரலை நீட்டுவார்.

"மூணாவது பெஞ்சு, எடதுபக்கம். அவசரப்படாதீங்க, பஸ்ஸு ஒண்ணும் போயிடாது."

விரல் ஒருமுறையும் தவறியதில்லை.

புதுச்சேரிப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று எங்களுக்கு ஒரே சத்தம் வாய்த்தது. அவர் முரசை நிறுத்தி என்னைக் காட்டினார்.

"சார், நீங்க எறங்கிடுங்க."

"நான் சரியாத்தானே போட்டேன்?"

"துடுப்பு சரியாத்தான் வுழுதுங்க. உங்க மூச்சு ஒடைஞ்சி வருது. டாக்டர பாத்துட்டு வாங்க."

"சாரு என்ன, பீங்கான் கப்பா?" என்றார் பின்பெஞ்சுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். முரசுக்காரர் சிரிக்கவில்லை.

மருத்துவர் எல்லாச் சோதனைகளும் எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை முரசுக்காரரிடம் நீட்டினேன். படிக்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லதுங்க. மாடிப்படி மட்டும் தனியா ஏறாதீங்க."

ஒரு வருடம் ஆகிறது. எனக்கு எந்த உபத்திரவமும் இல்லை. ஆனாலும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைக்கிறேன்.