மலையேறிய வேகம்

எங்களுடையது பழைய டர்போ கார். “முதல்ல பிரேக்கையும் டயரையும் மாத்துங்க” என்றாள் மனைவி. “அதெல்லாம் ஆமேலே, அப்புறம் பாத்துக்கலாம்” என்று கன்னடம் கலந்து சொல்லித் தள்ளிப்போட்டு, இன்ஜின் சக்தியைக் கூட்டும் ட்யூனிங்கைச் செய்தேன். பிறகு மைசூரு வழக்கப்படி வண்டிக்குப் பூஜை போட சாமுண்டி மலைக்குக் கிளம்பினோம். கார் சீறிக்கொண்டு ஏறியது. “இன்னும் ஃபாஸ்ட், அப்பா!” என்று பின்சீட்டில் மகள் கைதட்டினாள்.

இறங்கும்போது, மிதித்து மிதித்துச் சூடேறிய பிரேக் பாதி வழியில் பிடிக்கவே இல்லை. கியரைக் குறைத்து, மண்மேட்டில் உரசித்தான் காரை நிறுத்தினேன். விளையாட்டென்று நினைத்து மகள் அப்போதும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

பிரேக், டயர் எல்லாம் மாற்றிவிட்டேன். இப்போது மலையிறக்கத்தில் இரண்டாவது கியர்தான். “ஏன்ப்பா மெதுவா போறே?” என்கிறாள் மகள். ரியர்வியூ கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை.