அவன் ஜெயித்த முதல் வழக்கு

இரண்டு அரிசி ஆலை, பாளையங்கோட்டையில் கல்யாண மண்டபம். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒற்றை ஆளாய்க் கட்டியவை.

நேற்று இரங்கல் கூட்டத்து ஒலிபெருக்கியில், வக்கீலாகி டெல்லி மந்திரியாகி இறந்துபோன என் வகுப்புத் தோழனின் பழைய பேச்சைப் போட்டார்கள். "கொஞ்சம் கேளுங்க" என்று அவன் தொடங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பள்ளிக்கூட ஜன்னலை உடைத்தவன் அவன்தான். தலைமையாசிரியர் முன் இதே குரலில் வாதாடினான். "கொஞ்சம் கேளுங்க சார். கல்லு இடது பக்கமிருந்து வந்திருக்கு. பீச்சாங்கையால எறியுத ஆளு இவன் ஒருத்தன்தான்."

"ஏலே, நீயா எறிஞ்ச?" என்று அவர் கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்து தலையாட்டிவிட்டேன். அன்றோடு படிப்பு போயிற்று. நான்தான் எறிந்தேனோ என்று இன்றும் சில நாள் தோன்றுகிறது.

அவன் வரலாற்றை எழுதுகிறவர்களே, அவன் ஜெயித்த முதல் வழக்கு அது. தோற்றவன் பெயரையும் போடுங்கள்.