பூட்டுக்குள் வைத்த சந்தனம்

ஒரு பொட்டுச் சந்தனத்தால் ஒரு மனிதரின் கண் போகுமா? ஏழு வருஷமாக எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. யாரிடமும் கேட்டதுமில்லை. கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பார்கள்.

இந்த ஆயுத பூஜையன்று என் மூன்று வயது மகள் சந்தனக் கிண்ணத்தோடு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சக்கரத்துக்கு வைத்தாள், பலகைக்கு வைத்தாள். பிறகு ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைத் தள்ளித் திறந்து, "உள்ளயும் வைக்கவாம்மா?" என்றாள். கை ஓங்கியதே எனக்குத் தெரியவில்லை; அடித்துவிட்டேன். குழந்தையை அடிக்கக் கூடாது என்று பத்திரிகையில் வந்த பக்கத்தைக் கத்தரித்துப் பெட்டியில் வைத்திருப்பவள் நான். அவள் அழுத அழுகையில் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "பொட்டு வச்சதுக்கா அடிச்ச?" என்று கேட்டார். ஆமாம் என்று எப்படிச் சொல்வது?

சந்தனத்தோடு மிஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனைதான் காரணம். அது எனக்கு அப்பாவின் துப்பாக்கி வாசனை.

சித்தன்னவாசல் மலைக்கு மேற்கே எங்களுக்குக் கடலைக் கொல்லை இருந்தது. காய் பிடிக்கிற சமயம் பார்த்துப் பன்றிகள் வரும். ஏர் உழுத மாதிரி கிளறிவிட்டுப் போகும். அப்பாவின் பெரியப்பா ஒரு வெள்ளைக்காரருக்கு வேட்டை வழி காட்டியவர். அவர் விட்டுப்போன ரைபிளில் குழல் மட்டும் நன்றாக இருந்தது. கட்டை உளுத்துவிட்டது. பூட்டு துருவேறி உதிர்ந்துவிட்டது. பூட்டு என்றால் கதவுக்குப் போடுவது அல்ல. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே, தோட்டாவை உள்ளே வாங்கிக்கொண்டு, தாழ்ப்பாள் மாதிரி தண்டைத் தள்ளி அடைக்கிற இரும்பு. துப்பாக்கிக்கு உயிரே அதுதான். லைசென்ஸ் இருந்தது, குழல் இருந்தது, தோதகத்தி மரத்தில் அப்பாவே கட்டையும் செதுக்கிவிட்டார். பூட்டு மட்டும் இல்லை. இரண்டு வருஷம் அதைத் தேடினார். அந்த இரண்டு வருஷமும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அதில் பாதிப் பொழுதில் ஒரு வேலி போட்டிருக்கலாம். இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரும்பில் வெட்டியிருக்கும் எழுத்தும் எண்ணும் குழலில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், ஏழாம் வகுப்புப் படித்த என்னைக் கூட அழைத்துப் போவார். பெருமையாகத்தான் இருந்தது. பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம். துப்பாக்கிக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். உலகம் பூரா சண்டை நடப்பதால் சீமையிலிருந்து சாமான் வருவதில்லை என்றார். தன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றுக்கு அவர் சொன்ன விலையில் எங்கள் கொல்லையின் முழு வெள்ளாமையும் போய்விடும். ஆனால் நல்ல மனிதர். வாசல்வரை வந்து சொன்னார்: "பழசு எங்கிட்டாச்சும் கெடச்சா, மாட்டுன ஒடனே தோள்ல வச்சுச் சுட்றாதீங்க. மரத்துல கட்டி, கயிறு போட்டுத் தூர நின்னு இழுங்க. பூட்டுக்குள்ள ஒரு தூசி இருக்கக் கூடாது."

அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

கடைசியில் கிடைத்தது கந்தர்வக்கோட்டைக்கு அப்பால் நொடித்துப்போன ஒரு பெரிய வீட்டில். அங்கே காரியம் பார்த்தவர், குழல் வெடித்துப்போன ஒரு ரைபிளைச் சாக்கிலிருந்து எடுத்துக் காட்டினார். பணம் வேண்டாமாம். எங்கள் செவலைப் பசுவைக் கன்றோடு ஓட்டிவந்துவிட்டால் போதுமாம். நான் எழுத்துகளைப் படித்தேன், ஒத்துப்போயின. படித்து முடித்தவள் சும்மா இருந்திருக்கலாம். தண்டு போய் அடைகிற இடத்தில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. "அப்பா, இங்கன ஒரு கீறல் இருக்கு" என்றேன்.

அந்த ஆள் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்தார். கோடு காணவில்லை. "அழுக்கு தாயி. எழுத்துப் படிக்கச் சொன்னா இரும்பையும் படிக்கிதே ஒங்க புள்ள" என்று சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தையாக இருந்த என் தம்பி குடித்த பால், அந்தப் பசுவுடையது. எங்களைப் பெற்ற ஆத்தா அதன் கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருக்க வேண்டும்.

பூட்டு மாட்டி முடிந்த மறுவாரம் ஆயுத பூஜை. மண்வெட்டி, கலப்பை, அரிவாள்மணை, என் புத்தகங்கள், நடுவில் துப்பாக்கி. அப்பா தண்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்தே வைத்திருந்தார். பொட்டு வைப்பது என் வேலை. "ஒண்ணு விடாம வையி. விட்டுப்போனது நம்ம மேல கோவிச்சுக்கும்" என்று ஆத்தா சொல்லியிருந்தார். நான் சொன்னதைச் செய்கிற பெண். இரண்டு வருஷம் எல்லோரும் அலைந்தது அந்த உட்குழிக்காகத்தானே என்று, விரலை விட்டு அங்கேயும் ஒரு பொட்டு வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

வைத்த பொட்டைத் துடைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தானாக உதிர வேண்டும். மறுநாள் பூஜை கலைத்ததும் அப்பா தண்டைத் தள்ளி மூடிச் சுவரில் மாட்டினார். அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் கொல்லையில் பன்றி இறங்கிவிட்டது என்று சத்தம் கேட்டது. மரமும் கயிறும் யார் நினைவிலும் இல்லை. பொட்டோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரே வெடிதான். தண்டு பின்னால் பிய்த்துக்கொண்டு வந்து வலது கண்ணையும் கன்னத்து எலும்பையும் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வருவதற்குள் அத்தை வந்துவிட்டார். அப்பாவின் அக்கா. கூடத்தில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "வயசுக்கு வந்த புள்ளய ஆயுதத்தத் தொட விட்டா வேற என்ன ஆகும்?" அன்றைக்கு எனக்குத் தீட்டு இல்லை. இல்லை என்று கத்தினேன். கத்தியதே குற்றமாகிப் போனது. பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். குற்றம் சாட்டியது சரியான ஆளைத்தானோ என்னவோ. சொன்ன காரணம் சுத்தப் பொய். அந்தப் பொய்க்குத் தண்டனையை அனுபவித்துக்கொண்டே, உண்மையாக இருக்கக்கூடிய ஒன்றை நான் வாய்க்குள் அடைத்து வைத்திருந்தேன். கோபம் யார்மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். துணியால் துடைத்தவன்மேல், சிரித்த அப்பாமேல், கயிற்றை அவிழ்த்த ஆத்தாமேல், அத்தைமேல். வரிசையின் கடைசியில் கிண்ணத்தோடு ஒரு பெண் நிற்கிறாள். சில நாள் அவள் முன்னால் வந்து நிற்கிறாள்.

கீறலா, சந்தனமா? பூட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. துப்பாக்கியைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார்கள். ராஜா காலத்துச் சமஸ்தானம் போய்ப் புது சர்க்கார் வந்ததும் அப்பா அதைச் சாக்கோடு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். இப்போது அது எந்த உலையில் உருகியதோ. கந்தர்வக்கோட்டைக்கு அப்பால் இருந்த பெரிய வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து விற்றுவிட்டார்களாம். மலையடியில் புதரையெல்லாம் விறகுக்கு வெட்டியாகிவிட்டது; கொல்லையில் பன்றிக் கால் பட்டு மூன்று வருஷம் ஆகிறது என்கிறார் அப்பா. எதற்காக இத்தனையும் நடந்ததோ, அதுவும் இல்லை.

தீபாவளிக்கு அப்பா எங்கள் வீட்டுக்கு வருகிறார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அந்தக் குழிந்த கண்ணைத் தொட்டு என்ன ஆச்சு என்று கேட்கும்போதெல்லாம், "தாத்தா அவசரப்பட்டுட்டேன்டா" என்பார். ஒருநாளும் வேறு யாரையும் சொன்னதில்லை. இந்தத் தடவை அவர் அப்படிச் சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்பேன். சொல்லிவிடவா? சொன்னால் என் பாரம் அவர் தலைக்கு ஏறும். சொல்லாவிட்டால், என் மகளை நான் ஏன் அடித்தேன் என்பது அவளுக்கு என்றைக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் அப்பாவாக இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: உங்கள் மகள் வந்து இப்படிச் சொன்னால், கேட்டுக்கொள்வீர்களா? தீபாவளிக்கு முன்னால் தெரிந்தால் நல்லது.