பேச்சி தொடாத முதுகு

பேரனின் பிறந்தநாளன்று அருப்புக்கோட்டை வீட்டுக் கூடத்தில் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, கைக்குட்டை போடும் ஆட்டம் ஆடினர்.

"இந்த ஆட்டத்தில் என்னை ஒருவரும் தொட்டதில்லை" என்று நாற்காலியில் இருந்தபடி பேரனிடம் பெருமை பேசினேன். சொல்லி முடித்ததும் இருப்புக் கொள்ளவில்லை.

பரளச்சி பால்வாடியில் அப்போது எனக்கு ஐந்து வயது. எங்கள் பருத்திக் காட்டில் களையெடுத்தவரின் மகள் பேச்சி. அவள் பின்னால் துண்டைப் போட்டுவிட்டு ஓடினேன். விரட்டி வந்தவள், என் முதுகை எட்டும் நேரத்தில் கையை இழுத்துக்கொண்டாள். நான் அவள் இடத்தில் அமர்ந்து வென்றேன்.

"ஏ பேச்சி, எட்டித் தொட்டிருக்கலாம்ல?" என்றார் ஆயா.

"அவுக காட்டுக்காரவுக. தொட்டா ஆத்தா அடிக்கும்."

அதைக் காதால் கேட்டும், என் ஓட்டத்தின் வேகத்தால் வென்றேன் என்றே வீட்டில் சொன்னேன். இன்றுவரை அதையே சொல்லி வருகிறேன்.

நாற்காலியிலிருந்து எழுந்து, கைக்குட்டையை வாங்கி ஒரு சிறுமியின் பின்னால் போட்டுவிட்டு ஓடினேன். நான்கு எட்டு வைப்பதற்குள் முதுகில் பளீரென்று அடி விழுந்தது.

"தாத்தா அவுட்டு!"

பேரன் முறைத்தான். "ஒங்கள யாருமே தொட்டதில்லன்னீங்க?"

"பேச்சின்னு ஒருத்தி தொட்டிருப்பாப்பா" என்றேன். "நாங்கதான் தொட விடல."